எதுவும் செய்யாத நகர்த்தல்

...இனி என் குதிரையை எவனாலும் அங்கிருந்து கிளப்ப முடியாது, பலகைக்கு நடுவில் போய் உட்கார்ந்தாகிவிட்டது, விரட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு சிப்பாய் வேண்டும், அவனுக்கு இருந்த இரண்டையும் அவனே வேகவேகமாக முன்னால் தள்ளிவிட்டான், தள்ளியது தள்ளியதுதான், சிப்பாய் பின்னால் வராது, செஸ் பழகுகிற குழந்தைக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது, ஆனால் என் மச்சினனுக்கு யார் சொல்வது, செய்துவிட்டு அப்புறம் யோசிக்கிற குடும்பம், அவன் அக்காவும் அப்படித்தான், என் பெண்டாட்டி, ஒரு நாள் மத்தியானம் ஐந்தாவது பீரியடில், நான் ஒன்பதாம் வகுப்புக்கு விகிதம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள்... மூக்கை உறிஞ்சுகிறான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உறிஞ்சுகிறான், எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். லிப்ட் மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமைகூட நகக்கண்ணில் கிரீஸ், அந்தக் கையால் காயைத் தூக்கி ஆணி அடிக்கிற மாதிரி டொக்கென்று வைக்கிறான், ஏன், மெதுவாக வைத்தால் காய் நகராதா? இந்த நூலக மாடியில் ஆறு மேஜை இருக்கிறது, அவன் மேஜையைச் சுற்றித்தான் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள், அவனுக்கு இங்கே 'வெடி' என்று பெயர், ராணியைக்கூடத் தூக்கிக் கொடுத்துவிட்டு எதிராளியின் ராஜாவை விரட்டிக்கொண்டு ஓடுவான், பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு வைத்திருக்கிற பெயர் 'சிமெண்ட்'. என் ஆட்டத்தை அறுவை என்பார்கள், நான் உட்கார்ந்தால் பக்கத்து மேஜைக்காரனுக்கும் கொட்டாவி வருகிறதாம். வரட்டும்.

இன்றைக்கு ஆட்டம் வெறும் ஆட்டம் இல்லை என்பது அந்தக் கொட்டாவிக்காரர்களுக்குத் தெரியாது. காலையில் படிக்கட்டில் வழிமறித்துக்கொண்டு நின்றான், குளித்துவிட்டு வந்திருந்தான், அதுவே அதிசயம். "மாமா, ஒரு பேச்சு" என்றான். "நீங்க தினமும் ஏழு பத்துக்குப் போன் பண்றீங்க. அக்கா எடுக்க மாட்டேங்கிறா. ஏழு மணி ஆனா வீட்ல எல்லாரும் சாப்பாட்டை வைச்சுக்கிட்டு அந்தப் போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். இது வேண்டாம். இன்னைக்கு நீங்க ஜெயிச்சா நானே போன் போட்டுத் தர்றேன், அக்கா பேசுவா. நான் ஜெயிச்சா நீங்க போன் பண்றதை நிறுத்திடணும்." அவளைக் கேட்டாயா என்றேன். "கேட்டுட்டேன். சரின்னுட்டா." நீ ஜெயிப்பாய் என்று நினைத்துச் சொன்னாளா, நான் ஜெயிப்பேன் என்று நினைத்துச் சொன்னாளா? "அதெல்லாம் நான் கேக்கலை மாமா." கேட்டிருக்க மாட்டான், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதில் இவனை மிஞ்ச ஆள் கிடையாது. நாற்பத்தோரு நாள். நாற்பத்தோரு நாளாக ஏழு பத்துக்கு மணி அடித்து அடித்து ஓய்கிறது, ஒரு நாள்கூட நான் ஏழு பதினொன்றுக்குக் கூப்பிட்டதில்லை, ஒரு தடவைக்கு மேல் கூப்பிட்டதும் இல்லை, தொந்தரவு என்று யாராவது சொல்ல முடியுமா? வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேனா? தெருவைக் கூட்டினேனா? ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு ஒரு தடவை தன் பெண்டாட்டிக்குப் போன் செய்கிறான், அதற்கு ஒரு பந்தயம், அதற்கு இவன் நடுவர். தோற்கடிக்கிறேன் பார், உன்னை உட்காரவைத்துத் தோற்கடிக்கிறேன்.

வலப்பக்கம் சிப்பாய்களைத் தள்ளுகிறான், வந்துவிட்டது வெடி, இப்படித்தான் திரி பற்றவைப்பான், அப்புறம் ஒரு காயைத் தூக்கி என் ராஜா முகத்தில் எறிவான். எறியட்டுமே, ராஜா அங்கே இருந்தால்தானே. மூன்று நகர்த்தலுக்கு முன்பே ராஜாவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன், அவன் சிப்பாய்க்கு எதிரே என் சிப்பாயை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டேன், எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும், அவ்வளவுதான் வித்தை. எதிரி என்ன செய்ய ஆசைப்படுவான் என்று அவனுக்கு முன்னால் யோசிக்க வேண்டும், அந்த ஆசை அவனுக்கு வருவதற்குள் அந்தக் கட்டத்தை அடைத்துவிட வேண்டும். இதற்குச் சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாக டைம்டேபிள் போடுகிறவன் நான், முப்பத்தெட்டு ஆசிரியர்கள், வாரத்துக்கு நாற்பது பீரியட், எல்லாரையும் கட்டத்துக்குள் அடக்குவது என் வேலை. அறிவியல் வாத்தியார் ஒரு தடவை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் "கணக்கு சார் போடுற டைம்டேபிள்ல கணக்கு மட்டும்தான் நல்லா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த வருஷத்திலிருந்து அவருக்கு ஓய்வு பீரியட் எல்லாம் தனித்தனியாக, நடுவில், இந்தப் பக்கமும் வகுப்பு அந்தப் பக்கமும் வகுப்பு, ஒரு நாளும் தாமதமாக வர முடியாது, ஒரு நாளும் சீக்கிரம் கிளம்ப முடியாது, மற்ற ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு டீ குடிக்க முடியாது. தலைமையாசிரியரிடம் போய்ப் புகார் சொன்னார். அவர் எண்ணிப் பார்த்தார், மற்றவர்களுக்கு எத்தனையோ அத்தனைதான் இவருக்கும், "ஒரு பீரியட்கூட கூடுதல் இல்லையே சார், அப்புறம் என்ன கஷ்டம்?" என்று கேட்டார். வாத்தியாரால் சொல்ல முடியவில்லை, போய்விட்டார். மாற்றல் வாங்கிக்கொண்டு போனார் என்று நினைக்கிறேன், அல்லது உடம்பு சரியில்லையோ என்னவோ.

மறுபடியும் உறிஞ்சுகிறான். ஒரு கைக்குட்டை வைத்துக்கொண்டால் குறைந்தா போய்விடுவான்? அவன் ராணி கிளம்பிப் போகிறது, திரும்பி வருகிறது, யானை ஒரு கட்டம் போகிறது, ஒரு கட்டம் வருகிறது, பூட்டின வீட்டில் சாவியைத் தேடுகிற மாதிரி, கிடைக்காது தம்பி, நான் அவசரப்பட மாட்டேன். முன்பே என் பிஷப் ஒன்றைக் கொடுத்து அவனுடைய குதிரையை வாங்கிக்கொண்டேன், அப்போது பக்கத்தில் நின்ற தபால்காரர் உச்சுக்கொட்டினார், நல்ல பிஷப்பைக் கொடுத்துவிட்டேனாம், அவருக்கு என்ன தெரியும், நடுவில் உட்கார்ந்திருக்கிற என் குதிரையை அடிக்கக்கூடிய ஒரே காய் அதுதான். இப்போது அவனிடம் மிஞ்சியிருப்பது ஒரு பிஷப், அதுவும் அவன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது, பெயருக்கு பிஷப், உப்புக்குச் சப்பாணி. எண்ணிப் பார்த்தால் அவனுக்கும் எனக்கும் சரிக்குச் சரி, ஒரு சிப்பாய்கூட நான் கூடுதலாக எடுக்கவில்லை. சுற்றி நிற்கிறவர்களிடம் கேட்டால் ஆட்டம் சமன் என்பார்கள். சமன்.

அவளிடமும் நான் எதையும் எடுக்கவில்லை. இதை எந்தச் சபையிலும் சொல்வேன். பதினாலு வருஷத்தில் கை ஓங்கியது கிடையாது, குரல் ஓங்கியது கிடையாது, குடி கிடையாது, சீட்டு கிடையாது, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பேன். ஸ்கூட்டர் கற்றுக்கொள்கிறேன் என்றாள், கற்றுக்கொள் என்றேன், கற்றுக்கொண்டாள், லைசென்ஸும் வாங்கினாள், ஆனால் எப்படியும் நான் அந்த வழியாகத்தானே பள்ளிக்கூடம் போகிறேன், அவள் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் இறக்கிவிட்டுப் போகிறேன், ஒரே திசைக்கு இரண்டு வண்டி எதற்கு? ஒரு வாய் வார்த்தையாகத்தான் கேட்டேன். ஸ்கூட்டர் மூன்று வருஷம் நின்றது, பேட்டரி போனது, விற்றோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுடைய சிநேகிதி ஒருத்தி வருவாள், கடையில் கூட வேலை பார்த்தவள், இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து சிரிப்பார்கள், எனக்கு என்ன ஆட்சேபம், நான் ஒன்றும் சொன்னதில்லை, நானும் ஹாலில் என் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன், என் வீட்டு ஹால்தானே. எத்தனை வாரம் என்று நினைவில்லை, அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். நான் வராதே என்றேனா? கடையில் சாயங்கால ஷிப்டுக்குப் பொறுப்பாளராகப் போடுகிறோம் என்றார்கள், எடுத்துக்கோ என்றுதான் சொன்னேன், அப்போது கேஸ் சிலிண்டர்காரன் வந்தால் யார் கதவைத் திறப்பது என்று மட்டும் கேட்டேன், நியாயமான கேள்விதானே, அவள் எடுத்துக்கொள்ளவில்லை, அது அவளே எடுத்த முடிவு... இவன் என்ன, என்னையே பார்க்கிறான். பலகையைப் பார்டா. என் முகத்தில் நகர்த்தலா எழுதியிருக்கிறது?

அவனுக்குச் சிப்பாய் நகர்த்தல் இரண்டுதான் பாக்கி, ஓரத்தில், ஒன்றைத் தள்ளிவிட்டான். இன்னும் ஒன்று. என் இரண்டு யானையும் ஓர வரிசையில் ஒன்றின்பின் ஒன்றாக வந்து நின்றுவிட்டன, அவன் யானை அந்தச் சிப்பாயைக் காக்கவேண்டும், அந்த இடத்தை விட்டு நகர முடியாது, ராணி என் யானை உள்ளே நுழைகிற வாசலைக் காக்கிறது, பிஷப் குதிரை பாய்கிற கட்டத்தைக் காக்கிறது, ராஜா பிஷப்பைக் காக்கிறான், எல்லாரும் யாரையாவது காத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தருக்கும் நகர நேரமில்லை, நல்ல குடும்பம். எங்கள் வீட்டிலும் ஒரு டைம்டேபிள் உண்டு, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும், எனக்கு ஒரு பத்தி, அவளுக்கு ஒரு பத்தி, அரை மணிக்கு ஒரு பெட்டி, இதனால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று பள்ளியில் சொன்னால் பொறாமைப்படுவார்கள். போன வருஷம் ஒரு நாள் அதன் முன்னால் நின்றுகொண்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஒரு பெட்டியாவது காலியா விடுங்களேன்" என்றாள். விடலாம், அந்த நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்டேன். என்ன என்று தெரிந்தால்தானே என்னால் எழுத முடியும்? தெரியலை என்றாள். தெரியாத ஒன்றை எப்படி எழுதுவது, ஜன்னல் துடைப்பது என்று எழுதினேன். சிரித்துக்கொண்டேதான் எழுதினேன், அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன், திரும்பி நின்றிருந்தாள்.

கடைசிச் சிப்பாயையும் தள்ளிவிட்டான். டொக். இனி அவனிடம் சும்மா நகர்த்த ஒன்றுமில்லை. என் முறை. இப்போது பாய்ந்து விழுந்தால் பாதி போய்விடும், ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, நான் பாய மாட்டேன். ராஜாவை எடுத்தேன். ஒரு கட்டம் பக்கத்தில் வைத்தேன், மெதுவாக, சத்தமில்லாமல். கடிகாரத்தை அமுக்கினேன். அந்த நகர்த்தலால் எதுவும் ஆகவில்லை, எதையும் மிரட்டவில்லை, எதையும் காக்கவில்லை, அங்கே இருந்த ராஜா இங்கே இருக்கிறான், அவ்வளவுதான். அவன் முறை என்பதைத் தவிர பலகையில் எதுவும் மாறவில்லை. அது அவனுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? கையை நீட்டினான், யானைக்கு மேலே கை நின்றது, தொட்டால் நகர்த்தியே ஆகவேண்டும், இங்கே விதி அதுதான், தொடவில்லை. ராணிக்கு மேலே போனது. அங்கேயும் நின்றது. பிஷப். ராஜா. மறுபடி யானை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். உறிஞ்சவில்லை. ஆகா, உறிஞ்சவில்லை. வெடி ஒரு நகர்த்தலுக்கு இரண்டு நிமிஷம் யோசித்து இந்த மாடியில் யாரும் பார்த்ததில்லை, இப்போது இருபது நிமிஷமாக உட்கார்ந்திருக்கிறான், கழுத்தில் வியர்வை இறங்குகிறது, உதட்டைக் கடிக்கிறான், எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா, சொன்னால் அசிங்கம், கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கத்து. ஏதாவது செய். காயைத் தூக்கி எறி. எதைத் தூக்கினாலும் பின்னால் ஒன்று விழும், அதுதானே, சும்மா உட்கார்ந்திருக்க மட்டும் அனுமதி இருந்தால் நீ நாளெல்லாம் தாக்குப்பிடிப்பாய், ஆனால் சும்மா இருக்க அனுமதி இல்லை தம்பி, உன் முறை.

கடிகாரத்தை நிறுத்தினான். "போதும் மாமா" என்றான். கை கொடுத்தான், கிரீஸ் கை, கொடுத்தேன். தபால்காரர் குனிந்து பலகையை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "என்னப்பா இது, ஒண்ணுமே நடக்கலையே, அதுக்குள்ள தோத்துட்டேங்கிற?" "ஆமா சார், ஒண்ணுமே நடக்கலை" என்றான் மச்சினன். அவர் விரலால் எண்ண ஆரம்பித்தார், இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதே என்றார், யாரும் கொட்டாவி விடவில்லை.

ஆட்டம் முடியும்வரை எல்லார் போனும் கிளப் செயலாளர் மேஜையில்தான் இருக்கும், அங்கிருந்து தன் போனை வாங்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தான், நான் பின்னால் போனேன். வார்த்தை மாறுகிறவன் இல்லை, அதையும் சொல்லவேண்டும். "அக்கா... ம். தோத்துட்டேன். இல்லை, நிஜமாத்தான். இரு, குடுக்கிறேன்." கொடுத்துவிட்டு நாலு படி இறங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். போன் சூடாக இருந்தது. நான்தான் என்றேன். "சொல்லுங்க" என்றாள், குரல் தெளிவாக இருந்தது, அழுதுகொண்டிருப்பாள் என்று ஏனோ நினைத்திருந்தேன். பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம், அவள் அம்மாவாக இருக்கும். சாப்பிட்டாயா என்றேன். "ம். நீங்க ஜெயிச்சிட்டீங்களாமே." ஆமாம். "அவன் அரை மணியில எல்லாரையும் முடிச்சுட்டு வந்துடுவானே. எப்படி ஜெயிச்சீங்க?" கேட்டாளே, நாற்பத்தோரு நாள் கழித்து, என்னை ஒன்று கேட்டாளே, பதினாலு வருஷத்தில் என் ஆட்டத்தைப் பற்றி அவள் கேட்டதே இல்லை, சொன்னேன், "நான் ஒண்ணுமே பண்ணலை. அடிக்கலை, பிடுங்கலை, அவன்கிட்டேர்ந்து ஒரு காய்கூட கூடுதலா எடுக்கலை. அவன் எங்கெங்க போவான்னு பாத்து ஒவ்வொரு இடமா அடைச்சுக்கிட்டே வந்தேன், அவ்வளவுதான். கடைசில எதை எடுத்து எங்க வைச்சாலும் அவனுக்குத்தான் நஷ்டம். நான் சும்மா உக்காந்திருந்தேன்" என்றேன்.

பாத்திரச் சத்தம் நின்றது. அல்லது அவள் வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும். "எங்க அம்மா தினம் கேக்குறாங்க" என்றாள், மெதுவாக, கோபம் இல்லாமல், கோபமாவது இருந்திருக்கலாம். "அடிச்சாரா, திட்டினாரா, வேற பொம்பளையா, ஒண்ணும் இல்லைன்னா எதுக்குடி வந்தேன்னு. எனக்குச் சொல்லத் தெரியலை. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன், என்னன்னு சொல்றது, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது... இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. இதையே சொல்லிடறேன்."

நான் ஆட்டத்தைச் சொன்னேன், ஆட்டத்தைத்தானே சொன்னேன்... என்னிடம் தயாராக மூன்று வாக்கியம் இருந்தது, நாற்பத்தோரு நாளாகத் தினமும் ஏழு பத்துக்குத் தயாராக வைத்திருந்தவை. எப்போது வருகிறாய் என்பது முதலாவது. வருகிறேன் என்றால் போனது தப்பென்று ஒத்துக்கொள்ள வேண்டும், வரவில்லை என்றால் குடும்பத்தைக் கெடுத்தவள் அவள். நான் என்ன தப்புச் செய்தேன் சொல் என்பது இரண்டாவது. ஸ்கூட்டர் என்பாளா, பேப்பர் என்பாளா, ஒரு காலிப் பெட்டி என்பாளா, வாயால் சொன்னால் அவளுக்கே வெட்கமாக இருக்கும், அவ்வளவு சின்னது ஒவ்வொன்றும். மூன்றாவது, உன் இஷ்டம். அதைத்தான் அந்த வீட்டில் நான் அதிகமாகச் சொல்லியிருக்கிறேன், அதற்குப் பிறகு அவள் தன் இஷ்டப்படி எதையும் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வேறு என்ன சொல்லலாம்? அவள் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அவளுக்கு எதுவும் போகாத மாதிரி ஒரு வாக்கியம், அப்படி ஒன்று, சாதாரணமாக, எல்லா வீட்டிலும் பேசுகிற மாதிரி... தேடினேன், நிஜமாகவே தேடினேன். கீழே மச்சினன் திரும்பி என்னைப் பார்த்தான், ஜெயித்தவனைப் பார்க்கிற பார்வை இல்லை. "லைன்ல இருக்கீங்களா?" என்றாள். இருக்கேன் என்றேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை, அவளும் போனை வைக்கவில்லை.